மருமகள் மடித்தது

பத்திரிகையில் அந்தச் செய்தி வந்த அன்று காலை டீயைக்கூட நான் தொடவில்லை. "கொதிக்கும் நீரிலும் கறை நீக்கும் சலவைப் பவுடர்: கம்ப்யூட்டரின் கண்டுபிடிப்பு" என்று தலைப்பு. கீழே கோட்டு மாட்டிய ஒரு மனிதரின் படம். என் மருமகளைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினேன். ஒரு எழுத்துகூட இல்லை.

கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததாம்! அப்படியென்றால் என் சலவை ஆலையை என் இஸ்திரிப் பெட்டிதான் கட்டியது என்றும் எழுதட்டுமே. அந்தப் பவுடரால் அவளுக்கு வேலையே போக இருந்தது. அந்தக் கதை தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதில் எழுதத் துணிந்தவன் நான் ஒருவன்.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரே ஒரு பக்கெட்டோடு தொழிலுக்கு வந்தேன். இன்று இந்த ஊர் ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் ஓட்டல்களின் மேசைத் துணியும் என் வாசலுக்கு வராமல் வெளுப்பதில்லை. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. ஆலையின் ஒவ்வொரு குழாயும் நான் நின்று போட வைத்தது. ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் பிழை இருக்காது.

மருமகள் ஒரு பஸ் டிரைவரின் மகள். குச்சி மாதிரி உடம்பு, சட்டென்று வராத சிரிப்பு. ஆலையின் பாய்லரைப் பார்த்துக்கொள்கிற என் மகன், பாய்லரை விடச் சூடாக என்னிடம் சண்டை போட்டுத்தான் அவளைக் கட்டிக்கொண்டான். டாக்டர் பட்டம் வாங்கியவள் என்றான். "ஊசி போடுவாளா?" என்று கேட்டேன். போட மாட்டாளாம். சலவைப் பவுடர் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புரதம் எப்படி மடிகிறது என்று பார்ப்பாளாம்.

இந்த 'மடிகிறது' என்ற ஒரு சொல் எங்கள் குடும்பத்தில் செய்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. சொந்தக்காரர்களிடம் என் மனைவி, "அவ மடிக்கிற வேலைதான் பாக்குறா" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். எங்களுடையது சலவை ஆலை. கேட்டவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஒரு விருந்தில் என் தங்கை புருஷன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான்.

"என்ன மச்சான், அவ்வளவு படிச்ச பொண்ணைக் கொண்டாந்து துணி மடிக்க விட்டுட்டீங்களாமே? கூலி மிச்சமா?"

"துணி இல்லைய்யா. புரதம்."

"புரதமா? அது என்ன, புது மாதிரி பாலியஸ்டரா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அன்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் இன்றுவரை என்னிடம் அடக்கித்தான் வாசிக்கிறான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். அவனைத் திட்டினேனே, எனக்கு மட்டும் என்ன தெரியும்? மறுநாள் மருமகள் என் மகனுக்குச் சாப்பாடு கொண்டு ஆலைக்கு வந்தபோது நிறுத்திக் கேட்டேன்.

"ஏம்மா, அந்தப் புரதத்தை யாரு மடிக்கிறா?"

"யாரும் மடிக்கிறதில்ல மாமா. தானா மடியும்."

"தானாவா? நான் பொறந்ததுலேருந்து ஒரு கர்ச்சீப் தானா மடிஞ்சு பாத்ததில்ல."

பக்கத்தில் நின்ற இஸ்திரி மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் ஆலையில் தலை நரைத்தவர் அவர் ஒருவர்தான், அந்தத் தைரியம்.

அவள் கோபப்படவில்லை. என் ஆலையின் தரையைக் காட்டினாள். "இதுல கொட்டுற தண்ணி எங்க போகுது மாமா?"

"வடிகால் குழிக்கு."

"ஒவ்வொரு சொட்டுக்கும் யாரு வழி சொல்றா?"

"வழி எதுக்கு? சரிவு இருக்குல்ல. நான் போட்ட சரிவு. கொத்தனாரை மூணு தடவை இடிக்க வச்சுப் போட்டது."

"ஒவ்வொரு சொட்டும் தரை பூரா தேடிப் பாத்துட்டுத்தான் குழியைக் கண்டுபிடிக்கணும்னா?"

"விளங்கினாப்பலதான். என்னிக்கு வந்து சேரும்?"

"புரதமும் அப்படித்தான். அது ஒரு நீளச் சங்கிலி. இருபது வகை மணியைக் கோத்த மாதிரி. செஞ்சு முடிச்சதும் தொளதொளன்னு கிடக்கும், ஒரு வேலைக்கும் ஆகாது. மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வந்தாத்தான் வேலை செய்யும். எத்தனை விதமா மடியலாம்னு ஒவ்வொண்ணா முயற்சி பண்ணினா உலகம் தோன்றின நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் பத்தாது. ஆனா கண்ணிமைக்கிறதுக்குள்ள மடிஞ்சிடும். ஏன்னா அதுக்கும் ஒரு சரிவு இருக்கு."

"அந்தச் சரிவை எந்தக் கொத்தனார் போட்டான்?"

அவள் கை கழுவுகிற குழாயைத் திறந்து, விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தொட்டியில் தேங்கிய தண்ணீரில் தட்டினாள். அது சுற்றிச் சுற்றி வந்து ஒரு பொட்டாகச் சேர்ந்துகொண்டது. சில மணிகளுக்கு எண்ணெய்க் குணமாம், தண்ணீரே ஆகாதாம். சுற்றிலும் தண்ணீர் என்றால் அவை எல்லாம் ஒன்றாக உள்ளே போய் ஒளிந்துகொள்ளுமாம். சில மணிகளில் பிளஸ், சிலவற்றில் மைனஸ். ஒன்றையொன்று இழுக்கும், அதே இனத்தைத் தள்ளும். இதெல்லாம் போக, சின்னச் சின்னப் பிடிகள். ஒவ்வொன்றும் பலவீனம், நிறையச் சேர்ந்தால் இறுகிவிடும்.

"மாஸ்டர் தண்ணி தெளிச்சு இஸ்திரி போடறாரே, பருத்தி நூலுக்குள்ளயும் அதே மாதிரி பிடிதான் மாமா. ஈரத்துல விட்டுடும். சூட்டுல காயறப்ப நேரா இருக்கிற இடத்துல புதுசாப் பிடிச்சுக்கும். சுருக்கம் போறது அதனாலதான்."

இஸ்திரி மாஸ்டர் முதுகை நிமிர்த்தினார். "அப்ப இத்தனை வருசமா நானும் விஞ்ஞானிதானாம்மா? முதலாளி, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். காலர் கருகுது, அதைப் பாருய்யா விஞ்ஞானி."

அவளுடைய வேலை இதுதான். சங்கிலியில் இருக்கிற ஒவ்வொரு அணுவையும், சுற்றியிருக்கிற தண்ணீரையும் சேர்த்து, எது எதை எவ்வளவு இழுக்கிறது, தள்ளுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பாள். அது கணக்குப் போட்டு எல்லாவற்றையும் மயிரிழை நகர்த்தும். மறுபடி கணக்கு, மறுபடி நகர்த்தல். ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கைப் பார்க்க அந்த மெஷின்கள் நாள் கணக்கில் ஓட வேண்டுமாம். இவள் குழந்தை தூங்குவதைப் பார்க்கிற தாய் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் ஒரு போர்வையை மடிக்க மாட்டாள். நாற்காலி மேல் மலை மாதிரி கிடக்கும்.

"ஊர்ல இருக்கிற புரதத்தையெல்லாம் மடிக்கிறே, வீட்டுல ஒரு போர்வைக்குப் பஞ்சம்" என்பாள் என் மனைவி.

"நான் எங்க அத்தை மடிக்கிறேன்? அது தானா மடியும். வேடிக்கை பாக்குறதுதான் என் வேலை."

"அப்ப இதையும் வேடிக்கை பாத்துக்கிட்டே இரு. பொங்கி எழுந்து மடிஞ்சுக்குதான்னு பாப்போம்."

இப்படி இருந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் திடீரென்று நின்றது. மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா." மகனைக் கேட்டால், "அவ வேலை விஷயம்பா, விடுங்க." இரண்டு பேரும் என்னிடம் பூசி மெழுகினார்கள். எனக்கா தெரியாது! இயந்திரத்தின் சத்தம் மாறினாலே எந்த பேரிங் போகிறது என்று சொல்கிறவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கம்பெனியிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். புதுப் பவுடர் வெளியிடப் போகிறார்களாம். எவ்வளவு சூடான தண்ணீரிலும் கறையைத் தின்னுமாம். ஊரிலேயே பெரிய ஆலையில் செய்து காட்டிப் படம் பிடிக்க வேண்டுமாம். ஊரிலேயே பெரிய ஆலை என்றால் வேறெங்கே போவார்கள்? சரி என்றேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மருமகள் கையிலிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"அந்தப் பவுடரா மாமா?"

அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. பவுடரில் கறையைத் தின்னுவதும் ஒரு புரதம்தான். சூடு பட்டால் அவிழ்ந்து போகும். வேகவைத்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாத மாதிரி, அவிழ்ந்து சிக்கலாகிவிட்டால் ஆறினாலும் திரும்பி மடியாது. அதனால் சங்கிலியில் ஒரு மணியை மாற்றிச் சூடு தாங்க வைத்திருக்கிறோம் என்றது கம்பெனி. இவள் தன் மெஷினில் சூட்டைக் கூட்டி ஓட்டிப் பார்த்தாள். ஒரு மூலையில் மடிப்பு நெகிழ்ந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது. மொத்தமும் அவிழ்ந்தது. திரும்பத் திரும்ப ஓட்டினாள், திரும்பத் திரும்ப அதே மூலை.

அவளுடைய துறைத்தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாக ஒரு புரோகிராம் வந்திருக்கிறது. தெரிந்த உருவங்களை லட்சக்கணக்கில் பார்த்துப் பழகியது. சங்கிலியைக் கொடுத்தால் கடைசி உருவத்தைச் சட்டென்று வரைந்து கொடுத்துவிடும். அது வரைந்த படத்தில் எந்தக் கோளாறும் இல்லை, மாற்றிய மணியோடும் உருவம் முன்பு மாதிரியே அழகாக இருக்கிறது என்றார்.

"அப்ப அந்தப் புரோகிராம் பொய் சொல்லுதா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. ரொம்ப நல்ல புரோகிராம், நானே தினமும் பயன்படுத்துறேன். மடிச்சு வச்ச சட்டையோட போட்டோ அது. போட்டோ சரிதான். அந்தச் சட்டையைக் கொதிக்கிற தண்ணில போட்டா என்ன ஆகும்னு யாரும் அதுகிட்ட கேக்கலை."

"நீ என்ன சொன்னே?"

"தாங்கும்னு என் பேர்ல சொல்லச் சொன்னாங்க. தாங்காதுன்னு தெரிஞ்சு எப்படிச் சொல்றது? என் மெஷினைப் பிடுங்கிட்டாங்க மாமா. சாம்பிள் டப்பால லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்கேன். பவுடர் வெளிய வந்ததும் அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் என் கணக்கை எவன் நம்புவான்?"

டாக்டர் பட்டம் வாங்கியவள் லேபிள் ஒட்டுகிறாள்! என் தங்கை புருஷன் கற்பனையில்கூட அவள் துணிதான் மடித்தாள். நான் எழுந்துவிட்டேன். அந்த ஆட்களை என் வாசல்படி மிதிக்க விட மாட்டேன் என்று கத்தினேன். என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள்.

மருமகள்தான் நடுவில் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, நம்ம மெஷின்ல தண்ணி எப்படி வரும்? பச்சைத்தண்ணி நிரம்பி அப்புறம் சூடாகுமா?"

"ஏன், நான் என்ன வீட்டு மெஷினா வச்சிருக்கேன்? பாய்லர்லேருந்து கொதிச்சே வரும். தண்ணி சூடாகட்டும்னு காத்திருக்கிற பழக்கமே நம்மகிட்ட கிடையாது."

அவள் முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்தது. "ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கிற சலவை மெஷின் பச்சைத்தண்ணில ஆரம்பிச்சு மெதுவா சூடாகும். சூடு ஏறுறதுக்குள்ள அந்தப் புரதம் கறையைத் தின்னு முடிச்சிடும். அதுக்கப்புறம்தான் சாகும். துணி வெள்ளையா வரும், எல்லாரும் கைதட்டுவாங்க. அவங்க சோதனை பொய்யில்ல, ஆனா சூட்டைச் சோதிக்கவே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க வரட்டும் மாமா. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. எப்பவும் போல ஓட்டுங்க" என்றாள்.

வந்தார்கள். துறைத்தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சலவை ஆலைக்குள் கோட்டு! பாய்லர் பக்கம் போனதும் வேர்த்து வழிந்தது. கேமராக்காரர் இரண்டு பேர். பின்னால் டப்பாக்களைச் சுமந்துகொண்டு என் மருமகள். சுமக்கவும் அவள்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டல் மேசைத் துணிகள். முட்டைக்கறை காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. பவுடரை அவரே அளந்து போட்டார். மகன் வால்வைத் திறந்தான். மெஷின் முடித்துக் கதவைத் திறந்ததும் இஸ்திரி மாஸ்டர் ஒரு துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடேயப்பா, முட்டை இன்னும் நல்லா வெந்திருக்கே சார். உப்பு, மிளகு போட்டா சாப்பிட்டுடலாம்."

கேமராக்காரர்கள் சிரித்தார்கள். துறைத்தலைவரின் முகம் சுண்டிப்போனது. என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்க மெஷினைச் சரியாச் சுத்தம் பண்றதில்லபோல" என்றார்.

என் மெஷின்! சுத்தமில்லை! ஆஸ்பத்திரி விரிப்பு துவைக்கிற மெஷின் அது. "யோவ்" என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். என்னிடம் அப்படிப் பேசிவிட்டு வாசல் தாண்டியவன் இதற்கு முன்னால் கிடையாது.

"சார்" என்றாள் மருமகள். "தண்ணி கொதிச்சு வந்தது. அதுல புரதம் அவிழ்ந்துடுச்சு. நான் சொன்ன மூலைதான்."

"அப்படி ஒண்ணுமில்ல. சுடுதண்ணி பட்டதும் முட்டை துணியில வெந்து பிடிச்சுக்கிச்சு. எந்தப் பவுடருக்கும் அது போகாது. தப்பு சூட்டோடது, நம்ம புரதத்தோடது இல்ல."

நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. ரத்தமானாலும் முட்டையானாலும் சுடுதண்ணீர் பட்டால் இறுகும் என்று சலவைக்காரனுக்குத் தெரியாதா?

அவள் அசரவில்லை. "சரி சார். துணியைச் சுடுதண்ணில போடவே வேண்டாம். பவுடரை மட்டும் போடுவோம். மாமா, ரெண்டு பக்கெட் வேணும்."

நானே கொண்டுபோய் வைத்தேன். ஒன்றில் பாய்லர் தண்ணீர் பிடித்து அதில் பவுடரைக் கரைத்தாள். இன்னொன்றில் கை பொறுக்கிற சூட்டில் அதே அளவு தண்ணீர், அதே பவுடர். பாய்லர் தண்ணீர் ஆறும்வரை எல்லாரையும் காத்திருக்க வைத்தாள். கோட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை, தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு, இன்னும் துவைக்காத ஒரே மேசைத் துணியை இரண்டாகக் கிழித்து பக்கெட்டுக்கு ஒன்றாக முக்கினாள். என் ஆலையில் துணியைக் கிழித்தவள் அவள் ஒருத்திதான்.

டீ வந்தது. அவள் மட்டும் டீயைத் தொடாமல் பக்கெட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய படிப்பு, வேலை, இத்தனை நாள் பிடிவாதம் எல்லாம் அந்த இரண்டு பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது.

எடுத்தாள். வெதுவெதுப்பில் கரைத்த பவுடரில் கிடந்த துண்டு பளிச்சென்று இருந்தது. கொதிநீரைப் பார்த்துவிட்டு ஆறிய பவுடரில் கிடந்த துண்டு போட்டது போட்டபடி, மஞ்சள் தீவு மாதிரி. கொதிநீர் படாத முட்டை அது. வெந்தது பவுடருக்குள் இருந்த புரதம்.

துறைத்தலைவர் இரண்டு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நம்ம கம்ப்யூட்டர் இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லிச்சு சார். ஓட்டினது நான்தான்."

கேமராவை மூடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மெஷினைக் குறை சொன்னதற்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

வெளியீடு நின்றது. அவளுடைய கம்ப்யூட்டர் அவளிடம் திரும்பி வந்தது. ஆனால் யாரும், "நீ சொன்னது சரி, நாங்கள் செய்தது தப்பு" என்று வாயைத் திறக்கவில்லை. வந்து கெஞ்சட்டும், அதுவரை போகாதே என்று நான் கரடியாகக் கத்தினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த மூலையை எப்படிக் கட்டுறதுன்னு இன்னும் பாக்கலையே மாமா" என்று சொல்லிவிட்டு மறுநாளே போய்விட்டாள். இப்படியும் ஒரு பெண்!

பார்த்தாள். நெகிழ்கிற இடத்தில் எதிரெதிராக இரண்டு மணிகளை மாற்றினால் கொக்கி மாதிரி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்று கண்டாள். கொக்கி போட்ட சங்கிலியைச் சூட்டில் ஓட்டினாள். மூலை திறக்கவில்லை. பிறகு நிஜமாகவே செய்து, என் ஆலையில், என் பாய்லர் தண்ணீரில் சோதித்தார்கள். முட்டை இருந்த இடம் தெரியவில்லை. மாஸ்டர் துணியை முகர்ந்துகூடப் பார்த்தார்.

அந்தப் பவுடருக்குத்தான் பத்திரிகையில் கோட்டுக்காரரின் படம். "கம்ப்யூட்டரின் கண்டுபிடிப்பு."

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வந்த துணியை நனைப்பதற்கு முன் ஓரத்தில் அழியாத மையால் மார்க் போடுவோம். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஓட்டல் என்று. ஆயிரம் வெள்ளை விரிப்பு ஒன்றாகச் சுழன்றாலும் ஒருவர் விரிப்பு இன்னொருவர் கட்டிலுக்குப் போகாது. கைக்குட்டைக்குக்கூட நாங்கள் காட்டுகிற இந்த மரியாதையை, ஒரு பெண்ணின் உழைப்புக்குக் காட்ட அத்தனை படித்த கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மார்க் இல்லாத துணியை எவனும் தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு போகலாம். போனான்.

கம்பெனிக்குப் போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினேன். மருமகள் வேண்டாம் என்றாள். அவளுக்கு அடுத்த சங்கிலி வந்துவிட்டதாம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறதாம். சரி, கம்பெனி வாசலுக்குப் போகவில்லை. என் ஆலை என்னுடையதுதானே? புதுப் பவுடர் டிரம் வரிசையாக வந்து இறங்கியதும், இஸ்திரி மாஸ்டரைக் கூப்பிட்டு, மார்க் போடுகிற மையை எடுத்து ஒவ்வொரு டிரம்மிலும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன்: 'எங்கள் வீட்டு மருமகள் மடித்தது.'

சாயங்காலம் அவள் வந்து பார்த்தாள். சட்டென்று வராத அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ மாமா! நான் எங்க மடிச்சேன்? அது தானா மடிஞ்சது."

"உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

வெட்கப்பட்டு ஈரத்துணியால் ஒரு டிரம்மைத் தேய்த்துப் பார்த்தாள். தேய்க்கட்டும். அது மார்க் மை. அவளுடைய பவுடருக்கே அது போகாது.